தவளைக்குப் பெயர் சூட்டிய பேராசிரியர்

பெங்களூர் என்றதும் விஞ்ஞானம் பயிலும் மாணவனுக்குச் சர் சி. வி. இராமனின் நினைவு வருவது இயல்பு. இராமன் 1933இல் அந்நகருக்குச் சென்று சேர்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அங்குள்ள சென்ட்ரல் கல்லூரியில், கண்ணாடிச் சாடிகளில் தவளைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அவற்றின் விரல்களையும் தோலையும் அளந்து குறித்துக்கொண்டிருந்தார் ஒரு பேராசிரியர். அவர் பெயர் சி. ஆர். நாராயண ராவ். இந்தியத் தவளைகளை ஆராயப் புகுவோர் எவரும் அப்பெயரைத் தாண்டிச் செல்ல இயலாது. ஆனால் பிற துறைகளில் பயிலும் நம் தமிழ் நண்பர்களிடம் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், தவளைக்கு ஒரு பேராசிரியரா என்று நகைக்கிறார்கள். நகைக்கட்டும். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

நாராயண ராவ் 1882ஆம் ஆண்டு பிறந்தார். பிறந்த ஊர் நம் கோயமுத்தூர். பள்ளிப்படிப்புப் பல்லாரியில். பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ஹெண்டர்சன் என்னும் பேராசிரியர். நண்டு, இறால் முதலிய ஓட்டுயிர்களை ஆராய்ந்து புகழ் பெற்றவர். பிற்காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராகவும் இருந்தவர். ஆசிரியர் ஓட்டுயிர்களைப் பிடித்துக்கொண்டார். மாணவர் தவளையைப் பிடித்துக்கொண்டார். கோயமுத்தூரிலும் எர்ணாகுளத்திலும் சில காலம் ஆசிரியப் பணி புரிந்துவிட்டு, நாராயண ராவ் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குச் சென்றார். அங்கே விலங்கியல் துறையை நிறுவியவரே அவர்தாம். 1937இல் ஓய்வு பெறும் வரை அதன் தலைவராக இருந்தார்.

அக்காலத்தில் ஓர் இந்தியர் ஒரு தவளைக்கு அறிவியற் பெயர் சூட்டுவது என்பது எத்தகைய செயல் என்பதை இன்று உணர்வது கடினம். இந்நாட்டுத் தவளைகளுக்குப் பெயரிடும் வேலை ஐரோப்பியர் கையில் இருந்தது. தெருவிளக்கின் அடியில் பூச்சி தின்னக் குந்தியிருக்கும் சொறித்தேரைக்கு 1799இல் பெயரிட்டவர் ஷ்னைடர் என்ற ஜெர்மானியர். பிற்காலத்தில் இலண்டன் அருங்காட்சியகத்தில் பூலங்கர் என்பவர் அமர்ந்து, இந்தியாவிலிருந்து மருத்துவர்களும் படை அதிகாரிகளும் சாராயத்தில் இட்டு அனுப்பிய உயிர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பெயரிட்டார். மும்பைக்கு அருகில் மாதேரான் மலையில் லீத் என்ற மருத்துவர் பிடித்த தவளைக்கு 1888இல் அம்மருத்துவரின் பெயரையே சூட்டியவரும் பூலங்கர்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் வெளியிட்ட இந்திய ஊர்வன, நீர்நில வாழ்வன பற்றிய பெருநூல் நெடுங்காலம் வேதநூல் போல விளங்கியது. நம் மலையில் பிறந்த தவளையை அறிய வேண்டுமானால் கப்பல் ஏறி இலண்டனுக்குச் செல்ல வேண்டும். அந்த நிலையில்தான் நாராயண ராவ், தென்னாட்டுத் தவளைகளைத் தென்னாட்டிலேயே வைத்து ஆராய்வது என்று துணிந்தார்.

அவர் முதலில் கையிட்டது தவளையில் அன்று, தலைப்பிரட்டையில். 1914இல் அவர் எழுதிய கட்டுரை மேற்குத்தொடர்ச்சி மலையின் ஒரு தவளையினுடைய தலைப்பிரட்டையைப் பற்றியது. கரிய நிறமும் பெரிய உடலும் கொண்டு, மீன் கூட்டம் போலத் திரள் திரளாக நீந்தும் தலைப்பிரட்டை அது. 1918இல் வேறொரு குடும்பத்தின் தலைப்பிரட்டைகளைப் பற்றி எழுதினார். இரண்டும் கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியக வெளியீட்டில் வந்தன. இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். சொல்லுகிறேன்.

நான் குடியிருப்பது நவி மும்பையின் சான்பாடாவில். கிழக்கே பார்சிக் குன்றுகள், மேற்கே தாணே கழிமுகம், நடுவே இருப்புப்பாதையும் அடுக்கு வீடுகளும். சூன் மாதத்து முதல் மழை கொட்டிய இரவில், கட்டடம் எழும்பாத காலி மனைகளில் நீர் தேங்கியதுமே கச்சேரி தொடங்கிவிடும். நுணலும் தன் வாயால் கெடும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அந்த வாய் இருப்பதால்தான் ஆராய்ச்சி மாணவன் இருட்டில் எது எங்கே இருக்கிறது என்று அறிகிறான். சான்பாடாவில் இரயிலேறினால் ஏறத்தாழ அரை மணியில் தாணே. அங்கிருந்து பேருந்தில் ஏவூர். ஏவூர்க் குன்று மும்பையின் நடுவே கிடக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் கிழக்குப் புறம். ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இலையுதிர் காடு அது. துளசி, விகார் என்னும் இரண்டு ஏரிகள் அதனுள்ளே இருந்து நகருக்குக் குடிநீர் அளிக்கின்றன. அக்காட்டைப் பற்றிப் பேசினால் எல்லோரும் சிறுத்தையைப் பற்றியே கேட்கிறார்கள். தவளையைப் பற்றிக் கேட்பார் இல்லை.

மழைக்காலத்தில் அங்கே ஒரே குட்டையில் குனிந்து பார்த்தால் நாராயண ராவ் ஏன் தலைப்பிரட்டையிலிருந்து தொடங்கினார் என்பது விளங்கும். பெருந்தவளை ஆண்டு முழுதும் சேற்று நிறம். கூடும் காலத்தில் ஆண் மட்டும் எலுமிச்சை மஞ்சளாகி, கழுத்தின் இரு புறமும் நீலப் பைகளை ஊதிக் கத்தும். அதன் தலைப்பிரட்டை ஊன் உண்ணி. பக்கத்தில் நீந்தும் பிற தலைப்பிரட்டைகளையே பிடித்துத் தின்னும். கட்டைவிரல் நகத்தளவுள்ள சிறுவாய்த் தவளையின் தலைப்பிரட்டையோ கண்ணாடி போன்றது. உள்ளே குடல் சுருண்டிருப்பது தெரியும். அதற்குக் கொறிக்கும் பல்லும் அலகும் இல்லை. நீரை வடிகட்டி அதிலுள்ள நுண்ணுயிரை உண்ணும். மரத்தவளை நீருக்கு மேலே கிளையில் நுரைக்கூடு கட்டி முட்டையிடும். பொரிந்த குஞ்சுகள் நுரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீரில் விழும். தேரை முட்டைகளை மணிமாலை போல நீளச் சரமாக நீரில் இடும். லீத் பெயர் பெற்ற அந்த மாதேரான் தவளையின் தலைப்பிரட்டைகள் குட்டையையே நாடுவதில்லை; நீர் கசியும் பாறை முகத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயே வளர்ந்துவிடும். வளர்ந்த தவளைகள் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு வேறுபாடு காணத் திணறும்போது, அவற்றின் தலைப்பிரட்டைகள் இரண்டும் வேறு வேறு என்று உரக்கச் சொல்லும். ஒரு சிறு காட்டில் இத்தனை வகைத் தவளைகள் எப்படி ஒன்றையொன்று நெருக்காமல் வாழ்கின்றன என்பதற்கு விடையில் பாதி அந்த வாயிலும் வாலிலுமே இருக்கிறது. இதனை நூறாண்டுக்கு முன்பே கண்டு, அந்த வாய்களை வரைந்து வைத்தவர் நாராயண ராவ்.

இனிக் காவிரிக் கதை. நம்மவர்க்குக் காவிரி என்றால் கல்லணையும் நெல்வயலும் நினைவுக்கு வரும். நாராயண ராவுக்கோ அதன் பிறப்பிடமான குடகு மலையின் சதுப்பு நினைவுக்கு வந்திருக்கும். அந்தப் புனிதச் சதுப்பில் கிடைத்த சிறு தவளை ஒன்றை அவர் புதியது என்று கண்டார். இருளில் வெளிப்படும் தவளைகள் சேர்ந்த பேரினம் ஒன்றுண்டு. நிக்டிபட்ராக்கஸ் என்னும் அதன் கிரேக்கப் பெயருக்கே இரவுத்தவளை என்பது பொருள். புதிய தவளையை அதில் சேர்த்து, சாங்டிபலுஸ்ட்ரிஸ், அதாவது புனிதச் சதுப்புக்கு உரியது, என்று பெயர் சூட்டினார். தவளைக்கு எத்துணை அழகிய பெயர்! அக்கட்டுரை வெளிவந்தது 1920இல். வெளியிட்டது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழ். 1883இல் தோன்றிய அக்கழகம் இன்றும் மும்பையில் இருக்கிறது. காவிரியில் பிறந்த தவளை உலகுக்கு அறிமுகமானது நம் மும்பையில் அச்சான தாளின் வழியாகத்தான்.

தொடர்ந்து பல தவளைகளை அவர் விவரித்தார். 1925இல் ராமண்ணா என்பவருடன் சேர்ந்து ராமனெல்லா என்னும் ஒரு பேரினத்தையே நிறுவினார். இடையிடையே தேவாங்கின் சூலகத்தைப் பற்றியும் நுணுக்கமாக ஆராய்ந்தார். அவர் செய்த எல்லாமே நிலைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. ராமனெல்லாப் பேரினம் 2016இல் வேறொன்றுடன் இணைக்கப்பட்டு மறைந்தது. அவர் புதியவை என்று கருதிய சில, முன்பே அறியப்பட்டவை என்று பின்னர்த் தெரிந்தது. தவளையின் நிறமும் புள்ளியும் ஒரே குட்டையிலேயே பலவாறு மாறும். அந்த மாற்றங்களுக்கும் சில நேரம் அவர் பெயரிட்டுவிட்டார் என்று தோன்றுகிறது. மரபணு ஆய்வு இல்லாத நாளில் அது எவர்க்கும் நேரக்கூடியதே.

தம் தவளைகளோடு மட்டும் நின்றிருந்தால் அவர் பெயர் விலங்கியலோடு நின்றிருக்கும். அவரை வருத்திய வேறொரு குறை இருந்தது. இந்தியாவின் கல்லூரிகளில் நடக்கும் ஆராய்ச்சி இந்தியர்க்கே தெரிவதில்லை. ஒரு கண்டுபிடிப்பை உடனே அறிவிக்க வேண்டுமானால் இலண்டனின் நேச்சர் இதழுக்கு எழுத வேண்டும். நமக்கும் அதுபோன்ற இதழ் ஒன்று வேண்டும் என்று அவர் விரும்பினார். இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக அப்போது பெங்களூரில் இருந்த சர் மார்ட்டின் பார்ஸ்டருடன் இதைப் பற்றிக் கலந்து பேசினார். பேச்சு பேச்சாகவே போகவில்லை. 1932 சூலையில் கரண்ட் சயன்ஸ் என்னும் இதழ் பிறந்தது. அதன் முதல் ஆசிரியர் நாராயண ராவே. இயற்பியலும் வேதியியலும் மருத்துவமும் வேளாண்மையும் எழுதியவர்களின் கட்டுரைகளையெல்லாம் ஒரு தவளைப் பேராசிரியர் திருத்தி அச்சுக்கு அனுப்பினார். இன்றும் அவ்விதழ் பெங்களூரிலிருந்து வெளிவருகிறது. நம் பல்கலைக்கழகத்தில் எத்துறை மாணவராயினும் அதனைப் புரட்டாதவர் குறைவு. புரட்டுகிறவர்கள் இனியாவது தவளையை எண்ணிக்கொள்ளட்டும்!

1937ஆம் ஆண்டு அவர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டில்தான் அவருடைய மிக நீண்ட தவளைக் கட்டுரை, இராமன் 1934இல் தோற்றுவித்த இந்திய விஞ்ஞான அக்காதெமியின் வெளியீட்டில் வந்தது. நாற்பது பக்கங்களுக்கு மேற்பட்ட அக்கட்டுரையில் புதிய இனங்கள் பல. அவற்றுள் ஒன்று அசன் மாவட்டத்துக் கெம்பொளேக் காட்டின் பெயரைத் தாங்கியது. 1960இல் நாராயண ராவ் மறைந்தார்.

அவர் மறைந்த பின் நேர்ந்ததுதான் என் மனத்தை மிகவும் அலைத்தது. விலங்கியலில் ஒரு புதிய உயிருக்குப் பெயரிடுகிறவர், எந்த உடலைப் பார்த்துப் பெயரிட்டாரோ அந்த உடலைப் பாதுகாத்து வைக்க வேண்டும். அதற்கு மூலமாதிரி என்று பெயர். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் அச்சாடியைத் திறந்து பார்த்து முடிவு செய்வார்கள். சொல் எவ்வளவு விரிவாக எழுதப்பட்டிருந்தாலும் சொல் உடலாகிவிடாது. நாராயண ராவின் மூலமாதிரிகள் அவர் கல்லூரியில் வைக்கப்பட்டிருந்தன. பிற்கால ஆராய்ச்சியாளர் தேடியபோது அவை கிடைக்கவில்லை. தொலைந்தவை என்றே இன்று நூல்களில் குறிக்கப்படுகின்றன. ஐரோப்பியர் பெயரிட்டுக் கப்பலில் கொண்டுபோன மாதேரான் தவளை இலண்டனில் பத்திரமாக இருக்கிறது. இந்தியர் பெயரிட்டு இந்தியாவிலேயே வைத்த தவளை இல்லை. இதனைப் படித்த அன்று எனக்குச் சினமும் வெட்கமும் ஒருங்கே வந்தன. இங்கேயே வைத்து ஆராய்வது என்று துணிந்த மனிதருக்கு இங்கே கிடைத்த கைம்மாறு இதுதானா?

ஆகவே அவர் இட்ட பெயர்கள் உடலற்ற பெயர்களாயின. குடகுத் தவளையை 1920க்குப் பின் எவரும் ஐயமறக் கண்டதாகச் சொல்லவில்லை. பத்து ஆண்டு, இருபது ஆண்டு அல்ல, தொண்ணூறு ஆண்டு. அப்படி ஓர் இனம் உண்டா, அல்லது அழிந்ததா, அல்லது பேராசிரியரின் கண் மயங்கியதா என்று கேட்பதற்கு இடமாயிற்று.

விடை 2011இல் வந்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எஸ். டி. பிஜுவும் அவர் துணைவர்களும் மேற்குத்தொடர்ச்சி மலை முழுதும் இரவுத்தவளைகளைத் தேடித் தொகுத்து ஆராய்ந்து, 12 புதிய இனங்களை அறிவித்தார்கள். செய்தித்தாள்கள் புதியவற்றைக் கொண்டாடின. எனக்கோ அதில் இருந்த மற்றொரு செய்தியே பெரிதாகப் பட்டது. நெடுங்காலம் காணாமற்போயிருந்த மூன்று இனங்களையும் அவர்கள் மீண்டும் கண்டிருந்தார்கள். ஒன்று குடகுத் தவளை, 91 ஆண்டுகளுக்குப் பின். மற்றவை கெம்பொளேத் தவளையும், காட்டுக்கு உரியது என்று பெயர் பெற்ற வேறொன்றும். இரண்டும் 1937க்குப் பின் அப்போதுதான் அகப்பட்டன. மூன்றுக்கும் பெயரிட்டவர் யார் என்று பார்த்தால் மூன்று இடத்திலும் நாராயண ராவ்! சாடியில் இருந்தவை போயின. சதுப்பிலும் ஓடையிலும் இருந்தவை போகவில்லை. பேராசிரியர் கண்டது மெய்தான் என்று அவருக்காகச் சான்று கூறியவை, சாடிக்குள் சிக்காமல் தப்பிய தவளைகளின் பேரக்குஞ்சுகள்.

காவிரியின் தோற்றுவாய் புனிதம் என்று மக்கள் கருதியதனால் அது ஓரளவு காப்பாற்றப்பட்டது என்று எண்ணுகிறேன். அந்தச் சதுப்பை எவரேனும் மண்ணிட்டு மேடாக்கியிருந்தால், 1920இன் கட்டுரை யாராலும் படித்துப் பொருள் கொள்ள முடியாத கல்வெட்டாகியிருக்கும். அவர் இட்ட பெயர்களுள் சில இன்றும் அந்த நிலையில்தான் இருக்கின்றன. எந்த உயிருக்கு உரியவை என்று முடிவாகவில்லை.

மும்பைக் காட்டுக்கு எந்தக் காவிரியும் இல்லை. கன்னேரிக் குகைகளில் தவம் செய்த பௌத்தத் துறவிகளின் புனிதமும் ஆயிரம் ஆண்டுக்கு முந்தியது. காட்டை ஒட்டிய ஆரேயில் 2019 அக்டோபரில் மெட்ரோ பணிமனைக்காக 2000க்கும் மேற்பட்ட மரங்கள் ஓரிரண்டு நாளில் வெட்டப்பட்டன. மரத்தை எண்ணினார்கள். மரத்தடியில் இலைக்குப்பைக்குள் இருந்தவற்றை எண்ண முடியுமா? பூங்காவின் ஓடையோரத்தில் கால் வைக்கும் இடமெல்லாம் துள்ளுகிற, சுவர்க்கோழி போலக் கிறீச்சிடுகிற சிறு தவளைகளை வெகுநாள் ஒரே பெயரால் அழைத்துவந்தார்கள். குரலையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கிய பிறகு, அந்த ஒரு பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பதை மலைத்தொடரின் பல இடங்களில் பிரித்துக் காட்டிவருகிறார்கள். சேற்றில் குனிந்து, குரலைப் பதிந்து, ஒன்றிரண்டை முறையாகச் சாடியில் இட்டு, சாடி தொலையாமலும் பார்த்துக்கொள்ளும் வேலை இங்கே இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது. பெருஞ்செலவில்லாத வேலை. மழைக்கோட்டும் கைவிளக்கும் வனத்துறையின் அனுமதிச் சீட்டும் போதும்.

நாராயண ராவுக்கு அறிவியல் உலகம் நன்றி செலுத்தவில்லை என்று சொல்லிவிட முடியாது. கேரளத்தின் ஆனைமுடிச் சிகரத்தில், 2695 மீட்டர் உயரமுள்ள அம்மலைத் தலையில், புல்லுக்கடியில் வாழும் செந்நிறத் தவளை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதனோடு உறவுடைய சிறு புதர்த்தவளைகளையெல்லாம் சேர்த்து 2010இல் ஒரு புதிய பேரினம் வகுத்தார்கள். அதற்கு ராவின் பெயரை முன்னே வைத்து ராவோர்க்கெஸ்டீஸ் என்று பெயரிட்டார்கள். இன்று 70க்கும் மேற்பட்ட இனங்கள் அப்பெயரைத் தாங்குகின்றன. அந்தக் கட்டுரை வெளியான இதழ் எது தெரியுமா? அவர் தோற்றுவித்த கரண்ட் சயன்ஸேதான். வேடிக்கை ஒன்றும் உண்டு. அவர் பெயரைப் பெற்ற அந்தத் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முழுதும் முடிந்து, வெளியே வரும்போதே அரிசிமணி போன்ற குட்டித் தவளையாக வரும். தலைப்பிரட்டையின் வாயை வரைவதில் தொடங்கிய பேராசிரியர் இதைக் கேட்டால் சிரித்திருப்பார்.

அப்பேரினத்தில் நம் நகரத்தின் பெயரோடு ஒரு தவளையும் இருக்கிறது. கோவா எல்லையை ஒட்டிய காசில் ராக்கில் கிடைத்து, 1919இல் அன்னண்டேல் என்பவரால் பெயரிடப்பட்டது. அவ்வூர் அந்நாளில் பம்பாய் மாகாணத்தில் இருந்தமையால் அந்தப் பெயர் வந்தது. இன்று அதன் முழுப்பெயர் ராவோர்க்கெஸ்டீஸ் பம்பாயென்சிஸ். முன்பாதி கோயமுத்தூரில் பிறந்தவருடையது. பின்பாதி நாம் பிழைக்க வந்த ஊருடையது. மழை தொடங்கிய பின் மேற்குமலையின் புதர்களில் இரவு முழுதும் அது கத்திக்கொண்டிருக்கும்.